தண்ணீரில் செய்தது

நாரந்தனை,
கார்த்திகை, வியாழக்கிழமை.

என் அன்புள்ள அவருக்கு,

நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் வழக்கம். அந்தச் சொல்லை எழுதப்போன பேனா பாதியில் நின்றுவிட்டது. உயிரோடு இருக்கிறோம். சமைக்கிறோம், சாப்பிடுகிறோம். உங்கள் மகள் தாரிகா உடம்பு பிரட்டத் தொடங்கிவிட்டாள். நாங்கள் நலமா இல்லையா என்பதை இதை வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

கையில் தொலைபேசி இருக்க இதென்ன பழைய காலத்துக் கடிதம் என்று சிரிப்பீர்கள். நீங்கள் தொலைபேசியை எடுத்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்? எடுத்தாலும் மாமிக்குக் காது மந்தம், மகன்ர குரல் தனக்கும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போடச் சொல்லுவார். நான் சொல்லப்போவது உங்கள் அம்மா கேட்கக் கூடாதது. பெரியம்மாவின் மகன் நிசாந்தன் லீவு முடிந்து சனிக்கிழமை நீங்கள் இருக்கிற ஜேர்மனிக்குத் திரும்புகிறான். அவன் கையில்தான் இதைத் தருகிறேன். நீங்கள் வாசித்து முடிக்கும்வரை எழும்பிப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பாவம், ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள்.

இங்கே மழை விட்டபாடில்லை. வேலணைப் பக்கம் வயலும் வீதியும் ஒன்றாகிவிட்டது, பஸ் நினைத்த நேரம் ஓடுகிறது. நம் கிணறு கட்டுக்கு வந்துவிட்டது, குனிந்து செம்பால் அள்ளலாம். மாமிக்கு இடுப்பு நோ கூடிவிட்டது. நடக்கும்போது கதவைப் பிடிக்கிறார், சுவரைப் பிடிக்கிறார். கேட்டால் வயது என்கிறார். வயதாகத்தான் இருக்க வேண்டும் என்று நானும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த இடுப்போடு என்னை அவர் பார்த்த பார்வையை பெற்ற தாயும் பார்த்திருக்க மாட்டாள். பிள்ளைப்பேறு முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சரக்குக் கறி, சுறா வறை, உள்ளி அவித்த பால். எல்லாவற்றுக்கும் மேலே, பால் சுரக்க வேண்டுமென்று நாள் தவறாமல் பொன்னாங்காணிச் சுண்டல். கடையில் வாங்கியதில்லை. கிணற்றடிப் பாத்தியில் பொன்னாங்காணி அப்படித் தழைத்து நின்றது. பின்வளவுச் சின்னத்தங்கம் அக்கா தண்ணீர் அள்ள வந்தவர் பார்த்துவிட்டு, "இராசேசக்கா, என்ன உரம் போடுறியள்?" என்று கேட்டிருக்கிறார். "என்ர பிள்ளை படிச்ச படிப்புத்தான் உரம்" என்று மாமி சொன்னாராம். அதை என்னிடம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

உங்கள் கதையை உங்களுக்கே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தபடி நீங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருசம். கம்பஸ் பூட்டு. ஆராய்ச்சி நின்றால் எல்லாம் போச்சு என்று, கண்ணாடிக் குடுவைகளைப் பழைய சாரத் துணியில் சுற்றி சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தீர்கள். வீட்டுக்குப் பின்னாலிருந்த பழைய சமையல் குசினியைப் பிடித்தீர்கள். யன்னலுக்குச் சாக்கு அடித்தீர்கள். காஸும் இல்லை, கறண்டும் இல்லை, பனங்கொட்டையையும் ஊமலையும் எரித்துக் குறைகடத்திப் புள்ளி செய்த ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். குவாண்டம் புள்ளி என்றீர்கள். கண்ணுக்குத் தெரியாத துகள் என்றீர்கள். மற்றவர்கள் எண்ணெயிலே போட்டு முந்நூறு பாகைக்குச் சூடாக்கிச் செய்வார்கள், என்னுடையது தண்ணீரிலேயே விளையும், சோறு வேகிற சூடு போதும் என்றீர்கள். அந்த நாட்களில் உங்கள் முகம் எப்படி இருந்தது தெரியுமா? கல்யாண வீட்டிலும் நான் அந்த முகத்தைக் காணவில்லை.

கூழ்முட்டை மணம் வீடெல்லாம். மாமி சாம்பிராணி போட்டுப் போட்டுக் களைத்துவிட்டார். கொதிக்கிற குடுவையிலிருந்து இடைக்கிடை கொஞ்சம் எடுத்துச் சின்னப் போத்தலில் விடுவீர்கள். சும்மா பார்த்தால் எல்லாம் வெறும் மங்கல் தண்ணீர். கதவைச் சாத்தி உங்கள் ஊதா ரோச்சை, அந்தக் கைவிளக்கை, அடித்தால் முதல் போத்தல் பச்சை, அடுத்தது மஞ்சள், பிறகு செம்மஞ்சள், கடைசி இரத்தச் சிவப்பு. பொருள் ஒன்றுதான், கொதிக்கக் கொதிக்கத் துகள் வளருது, வளர வளரச் சிவக்குது என்று சொல்லித் தந்தீர்கள். தேத்தண்ணி கொண்டுவந்தால் திரும்பியும் பார்க்க மாட்டீர்கள். உங்கள் சின்ன வீடு என்று நான் அந்தக் குடுவைக்குப் பெயர் வைத்தது நினைவிருக்கும். போன வருசம் இந்தப் புள்ளிக்காரருக்கு நோபல் பரிசு என்று செய்தி வந்தபோது நீங்கள் சந்தியில் லட்டு வாங்கிவந்து நம் தெரு ஒழுங்கையில் வீடு வீடாகக் கொடுத்தீர்கள். அப்போது மகள் என் வயிற்றில் வந்துவிட்டாள், உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

உள்ளே என்ன போடுகிறீர்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். நாகம் என்றீர்கள். பள்ளிக்கூடத்தில் படித்தோமே அந்த நாகம், துத்தநாகம், பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்றால் மாத்திரையாகக் கொடுக்கிறார்களே அதுதான் என்றீர்கள். மாமி பயந்தபோது, "தண்ணியில செய்யிறது அம்மா, என்ன பயம்" என்றீர்கள். அதோடு அவருக்கும் பயம் போய்விட்டது. பிறகு மாசியில் விசா வந்தது, போனீர்கள். ஆனியில் மகள் பிறந்தாள்.

இனி நடந்ததைக் கேளுங்கள்.

போன மாதம் நுளம்பு வலை தேடி அலுமாரியைக் கிண்டியபோது உங்கள் ரோச் அகப்பட்டது. வெளியே மழை, யன்னல் எல்லாம் பூட்டு, பிள்ளை நித்திரை. விளையாட்டுக்கு அடித்துப் பார்த்தேன். பிள்ளையின் துணியெல்லாம் நீலமாகப் பற்றிக்கொண்டது. ஓடிப்போய் உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். சவர்க்காரத் தூள் அப்படித்தான் செய்யும் என்று சிரித்தீர்கள். பிறகு விறகுக்குள் ஒரு தேள், பச்சைப் பசேலென்று. தேள் பிறவியிலேயே அப்படி என்றீர்கள். சிவப்பு முட்டைக் கோது தணல் மாதிரி ஒளிர்ந்தது. அதுவும் இயற்கை என்றீர்கள். இலை மங்கல் சிவப்பாகத் தெரிந்தது. பச்சையத்தின் குணம் என்றீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தீர்கள், எல்லாப் பதிலும் சரி. சின்னத்தங்கம் அக்காவின் வீட்டு முட்டையையும் நான் அடித்துப் பார்த்தேன், அதுவும் சிவந்தது. உண்மையில் எனக்கு அது ஒரு விளையாட்டாகவே போய்விட்டது. பகலிலே கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு வீட்டில் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாக ஒளிர வைத்தேன். நீங்கள் தூரத்திலிருந்து பதில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

பிறகுதான் அந்தப் பின்னேரம் வந்தது. மழை இருட்டு, கறண்டும் போய்விட்டது. மாமி குசினியில் பொன்னாங்காணி அரிந்துகொண்டிருந்தார். கையில் ரோச் இருந்ததால் சும்மா அந்தச் சுளகுக்கு அடித்தேன். இலை மங்கல் சிவப்பு, அது எனக்குத் தெரியும். ஆனால் அரிந்த தண்டுகளின் வெட்டுவாய் ஒவ்வொன்றும் செம்மஞ்சளாக, சுருட்டு நுனி மாதிரி எரிந்தது. நரம்பு வழியே மெல்லிய கோடு இலைக்குள்ளும் போயிருந்தது. கத்தியின் அலகிலும் அதே நிறம். மாமியின் பெருவிரலிலும் அதே நிறம்.

மாமி என்ன செய்தார் தெரியுமா? கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையும் கூப்பினார். "அம்மாளாச்சி வந்திருக்கிறா பிள்ளை, என்ர பேத்திக்குக் காவலா வந்திருக்கிறா" என்று கண்ணீர் விட்டார். அந்தக் கூப்பிய கையிலும் விரல் நுனிகள் மினுங்கின. நான் ரோச்சை அணைத்துவிட்டேன். அன்றைக்கு அந்தச் சுண்டலை அவர் முதலில் சாமிக்குப் படைத்துவிட்டுத்தான் எனக்குப் போட்டார். நான் சாப்பிட்டேன், ஏனென்றால் உங்களிடம் இதற்கும் ஒரு பதில் இருக்கும் என்று நம்பினேன்.

உடனே உங்களுக்கு எடுத்தேன். எல்லாம் சொன்னேன். பதிலுக்கு ஒரு கேள்வி மட்டும் கேட்டீர்கள். "பிள்ளைக்கு இப்பவும் நீர் தான் பால் குடுக்கிறீரோ?"

ஓம், நான் குடுக்காமல் வேறு ஆர் குடுக்கிறது என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. பிறகு எடுக்கிறன் என்று வைத்தீர்கள். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. பிள்ளையின் படம் அனுப்பினால் பெருவிரல் அடையாளம் ஒன்று வரும். அவ்வளவுதான். நான் அனுப்பிய கேள்விகளுக்கு, வேலை கூடிப்போச்சு, பிறகு கதைக்கிறன் என்று வரும்.

தேளுக்குப் பதில் சொன்ன மனிதன், முட்டைக் கோதுக்குப் பதில் சொன்ன மனிதன், என் பாலைப் பற்றி மட்டும் ஏன் கேட்டார்? நாகம் என்றால் ஏன் கேட்டார்? எனக்கு இரசாயனம் தெரியாது, கூட்டுறவுச் சங்கத்தில் காசு வாங்கிப் போடுகிறவள். ஆனால் உங்கள் குரல் எனக்குத் தெரியும்.

மாமியைப் பக்குவமாகக் கேட்டேன், அந்தக் காலத்தில் போத்தல் கழுவிய தண்ணீரெல்லாம் எங்கே போனது என்று. அவருக்கு அதில் மறைக்க ஒன்றுமில்லை, பெருமைதான். நீங்கள் முதலில் பெரிய பிளாஸ்டிக் கான்களில் சேர்த்து வைத்தீர்களாம், கம்பஸுக்குத் திருப்பிக் கொண்டுபோகவென்று. கான்கள் நிரம்பின. கொண்டுபோக வாகனம் இல்லை. "இந்த ஊரில தண்ணியைக் கானிலை பூட்டி வைக்கிறதே? அரிசி கழுவின தண்ணி மாட்டுக்கு, முகம் கழுவின தண்ணி வாழைக்கு, இது மட்டும் என்ன குற்றம் செய்தது எண்டு நான் தான் ஏசினனான்" என்றார். நீங்கள் வேண்டாம் என்றீர்களாம். அவர் விடவில்லையாம். ஒரு நாள் நீங்களே கானைத் திறந்து வாளியில் ஊற்றிக் கொடுத்து, "சரி அம்மா, தண்ணி தானே, பொன்னாங்காணிக்கு ஊத்துங்கோ" என்றீர்களாம். அதற்குப் பிறகு கான் வைக்கவே இல்லையாம். நீங்கள் போகும்வரைக்கும் ஒவ்வொரு முறையும் வாளிதான்.

நான் அதை நம்பவில்லை. வயதானவர், மாற்றிச் சொல்லுகிறார் என்று நினைத்தேன். அதனால் நீங்கள் போன பிறகு பூட்டிக் கிடந்த பின் குசினியைத் திறந்தேன். மத்தியானம்தான். சாக்குகள் அப்படியே இருந்ததால் உள்ளே கும்மிருட்டு. ரோச்சை அடித்தேன்.

நீங்கள் அங்கே நின்றீர்கள். அப்படித்தான் எனக்கு இருந்தது. சுவரெல்லாம் உங்கள் கை. அடுப்புக்கு மேலே, தட்டின் ஓரத்தில், கதவு நிலையில், குனிந்து எழும்பும்போது ஊன்றிய இடத்தில், உங்கள் நீட்டு விரல்கள் செம்மஞ்சளாக ஒளிர்ந்தன. ஒவ்வொரு கையும் இப்போதுதான் எடுத்த மாதிரி. ஒரு கணம் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். கதவு நிலையின் உட்பக்கத்தில் உங்கள் கை, வெளிப்பக்கத்தில் மாமியின் கை. மாமியின் கையை நான் மாறி எடுக்க மாட்டேன், ஓலை வார்கிற கத்தியில் போன சுட்டுவிரல் நுனி அதில் இல்லை. மூலையில் அந்த வாளி கவிழ்ந்து கிடந்தது. அதன் பிடியில் இரண்டு கையும் இருந்தன, ஒன்றின்மேல் ஒன்று. நீங்கள் கொடுக்க அவர் வாங்கியிருக்கிறார். மாமி மாற்றிச் சொல்லவில்லை.

வாசலுக்குப் பக்கத்தில், இடுப்பளவில், இன்னும் ஒரு கை இருந்தது. சின்னக் கை. என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தியது. நீங்கள் போவதற்குக் கொஞ்சம் முன்னால், வாந்தியும் சத்தியுமாக நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அந்த நாளாக இருக்க வேண்டும்.

வெளியே வந்து கையைக் கழுவினேன். கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் வெகுநேரம் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளைக்கு ஊசி போடவென்று மாமியிடம் சொல்லிவிட்டு யாழ்ப்பாணம் போய் ஒரு டொக்டரைக் கண்டேன். பெயர் வேண்டாம், நல்ல பெண். முழுவதையும் கேட்டார், என்னைப் பைத்தியமாகப் பார்க்கவில்லை. நாகம் என்றால் தாராளமாகப் பால் கொடுங்கோ, யோசிக்க வேண்டாம் என்றார். வேறு ஏதாவது என்றால், ஈயமோ பாதரசமோ கட்மியமோ என்றால், அது வேறு கதை, இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும், அதுவரை பொறுக்க வேண்டும் என்றார். கட்மியம் என்ற சொல்லைச் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்தினார். சிறுநீரகத்திலும் எலும்பிலும் போய் இருந்துவிட்டால் இலேசில் வெளியே வராது என்றார். எதைத் தேடுவது என்று சொல்லுங்கோ, தேடுவோம் என்றார். அந்த ஒரு பெயர் என்னிடம் இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது மாமியின் இடுப்பு நோவை நினைத்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கே பாத்தியை வேரோடு பிடுங்கினேன். பிடுங்கியதை எங்கே போடுவது? ஆட்டுக்குப் போட ஏலாது. எரித்தால் புகை. புதைக்கலாம் என்று மண்வெட்டி எடுத்தேன், கார்த்திகையில் இந்தத் தீவில் எங்கே வெட்டினாலும் ஒரு முழத்தில் தண்ணீர் வந்து நிற்கிறது. எல்லாம் ஒரே தண்ணீர். பாத்திக்கும் கிணற்றுக்கும் நடுவே எட்டி வைத்தால் ஒரு காலடிதான் தூரம். கடைசியில் உரப்பையில் கட்டி உங்கள் குசினிக்குள் தொங்கவிட்டுப் பூட்டினேன். மாமி என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அம்மாளாச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டேனாம்.

கிணற்றைப் பற்றி என்ன சொல்வது? ஒழுங்கையில் நல்ல தண்ணீர்க் கிணறு நம்முடையது ஒன்றுதான், பாதி ஒழுங்கை அதில்தான் குடிக்கிறது. தண்ணீர் இல்லை என்று ஒருவரையும் திருப்பிய வீடு இல்லை இது. காரணம் சொல்ல வாய் வரவில்லை. பூனை விழுந்து செத்துக் கிடக்கிறது என்று பொய் சொன்னேன். எல்லோரும் பவுசர் வண்டியில் வரும் தண்ணீருக்குப் போய்க் காத்து நிற்கிறார்கள். சின்னத்தங்கம் அக்கா மட்டும் வந்து கிணற்றுக் கட்டில் கை ஊன்றி எட்டிப் பார்த்தார். "மணமும் இல்லை, பூனையையும் காணேல்லையே பிள்ளை" என்றார். ஆழத்தில் கிடக்குது அக்கா என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு தண்ணீரைப் பார்த்தார், வெறும் குடத்தோடு போனார்.

பிள்ளைக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். கடையில் ரின்னில் வாங்கிய பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் அவள் நாக்கால் தள்ளிவிடுகிறாள். நெஞ்சு கல்லாகி எனக்குக் காய்ச்சல் காய்கிறது. சின்னத்தங்கம் அக்காவின் மருமகளுக்கும் கைப்பிள்ளை. விசயம் தெரியாமலே, உனக்குக் காய்ச்சல் எண்டால் என்னட்டைத் தா அக்கா, நான் குடுக்கிறன் என்று ஓடி வந்தாள். பிள்ளையை நீட்டிவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது, அவளும் நம் கிணற்றுத் தண்ணீர்தான் இவ்வளவு காலமும் குடித்தாள். திருப்பி வாங்கிக்கொண்டேன். அவள் முகம் சுருங்கிப் போய்விட்டது. என்ன நினைத்தாளோ.

வெள்ளிக்கிழமை காலை.

நேற்று எழுதிக்கொண்டிருக்கக் கண் இருட்டிவிட்டது. இனி நிசாந்தன் வந்துவிடுவான், சுருக்கமாக முடிக்கிறேன்.

நான் உங்களை ஏச இதை எழுதவில்லை. எனக்குக் கோபம் இல்லை என்றால் பொய். சட்டி பானையை உடைக்கிற அளவுக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் உங்களை எனக்கு விளங்காமலும் இல்லை. கான்கள் நிரம்பியிருக்கும், கம்பஸ் பூட்டியிருக்கும், அம்மா ஏசியிருப்பார், ஒரு வாளி தானே என்று நினைத்திருப்பீர்கள். முதல் வாளிதான் கஷ்டமாக இருந்திருக்கும். அதெல்லாம் ஊற்றியாகிவிட்டது. இப்போது எனக்கு அந்தப் பெயர் ஒன்றுதான் வேண்டும்.

இந்தக் கடிதத்தோடு பொலித்தீனில் சுற்றிய ஒரு கைக்குட்டை இருக்கும். உங்களுடையதுதான், ஓரத்தில் நீலக் கோடு போட்டது. அதில் என் பாலைப் பீய்ச்சி, காயவிட்டு, மறுபடி பீய்ச்சிக் காயவிட்டு வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் ரோச் அடித்துப் பார்த்துவிட்டேன், அதற்கு மட்டும் அடிக்கவில்லை. என்னால் ஏலாது. அங்கே உங்கள் ஆய்வுகூடத்தில் பெரிய மெசின்கள் இருக்கின்றன. நீங்கள் பாருங்கள். உங்கள் மகளின் சாப்பாட்டை முதலில் பார்க்கிறவர் நீங்களாக இருங்கள். நிறம் ஒன்றும் தெரியாவிட்டாலும் நம்பி விட்டுவிட வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று தேடுங்கள்.

ஆனால் பெயரை அதற்கு முதலே சொல்லிவிடுங்கள். நிசாந்தன் உங்கள் முன்னால்தான் இருப்பான். அவனிடம் ஒரு சொல் சொன்னால் போதும், அவன் உடனே எனக்கு எடுத்துச் சொல்லுவான். நாகம் என்றால் நாகம் என்று சொல்லுங்கள். எழுதியது எல்லாவற்றுக்கும் உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பேன். மற்றது என்றால் மற்றதைச் சொல்லுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் ஓடுவேன், மாமியையும் கூட்டிக்கொண்டு போவேன், ஒழுங்கைக்கும் நானே வாய் திறந்து சொல்லுவேன். எனக்காகப் பயந்து பொய் சொல்ல வேண்டாம். நீங்கள் எதைச் சொன்னாலும் நான் நம்பிவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

இதை எழுதும்போது பிள்ளையின் அழுகை திடீரென்று நின்றது. எழும்பிப் போய்ப் பார்த்தேன். மாமி மடியில் போட்டுக்கொண்டு, பஞ்சில் சீனித்தண்ணீர் தோய்த்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டுக்கொண்டிருந்தார். எந்தத் தண்ணீர் மாமி என்றேன். "எங்கட கிணத்துத் தண்ணிதான். பூனை எண்டு நீர் சொன்னது பொய் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. நான் தினமும் குடிக்கிறனான், எனக்கு என்ன நடந்தது?" என்றார். எழும்பி வந்து பிள்ளையை என்னிடம் தரப் பார்த்தவர், எழும்ப முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு கையில் அவள், மறு கையில் பேனா. அதுதான் எழுத்து இப்படிக் கோணிப் போகிறது. அவள் அழவில்லை. முகத்தால் என் சட்டையைத் தேடுகிறாள். எழுத எழுதத் தேடுகிறாள்.

அம்மாளாச்சி உங்களைக் காக்கட்டும். அங்கே குளிராம், தலைக்குத் தொப்பி போடுங்கள். நீங்கள் குடிக்கிற தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கட்டும். ஒரு சொல் சொல்லுங்கள் அப்பா, இவள் பசியாறட்டும்.

உங்கள் பதிலுக்குச் சட்டையைப் பொத்திப் பிடித்தபடி இருக்கும்,
தாரிகாவின் தாய்,
கோசலா.